வெயிலில் நிறுத்தப்பட்டவர்களும் அதை எழுதியவர்களும்

1855ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் சென்னை அரசிடம் ஓர் அறிக்கை அளிக்கப்பட்டது. நிலத்தீர்வை செலுத்த இயலாத குடியானவர்களைக் கச்சேரி ஊழியர்கள் எவ்வாறெல்லாம் வதைத்தனர் என்பதை அது வரிசையாகக் கூறியது. வெயிலில் நிறுத்தி வைத்தல். உணவுக்கும் இயற்கைக் கடனுக்கும் செல்லவிடாமல் தடுத்தல். முழங்கால் மடிப்பில் செங்கல் துண்டை வைத்து உட்காரச் செய்தல். பாக்கி வைத்த இருவரின் குடுமிகளை ஒன்றாக முடிந்து விடுதல். எருமையின் வாலோடும் கழுதையின் வாலோடும் கட்டுதல். கழுத்தில் எலும்பு மாலை அணிவித்தல். கிட்டி, அண்ணந்தாள் என்னும் இரண்டு சொற்களை அறிக்கை எழுதிய ஆங்கிலேயர்கள் அப்படியே எடுத்தாண்டனர். மரக்கட்டைகளுக்கு இடையே விரல்களையோ தொடையையோ வைத்து நெரிப்பது கிட்டி. கழுத்தையும் கால்விரல்களையும் கயிற்றாலோ அவனுடைய துணியாலோ பிணைத்து, குனிந்த நிலையிலேயே ஒருவனை வைத்திருப்பது அண்ணந்தாள்.

இவை இரகசியமாக நடந்தவை அல்ல. கச்சேரி வாசலிலும் சாவடியிலும் ஊரார் கண் முன்னே நடந்தவை. ஊர் முழுதும் அறிந்த ஒன்று எவ்வாறு அரசு ஒப்புக்கொள்ள வேண்டிய உண்மையாக மாறிற்று? அந்தக் கேள்விக்கான விடையில்தான் இன்று ‘புலனாய்வு இதழியல்’ என்று நாம் அழைக்கும் பணியின் தொடக்கங்களுள் ஒன்று இருக்கிறது. அது நம் மண்ணோடு தொடர்புடையது என்பதனாலேயே இதனை எழுதத் துணிந்தோம்.

திருவதிகையில் வாழும் நாம் கெடிலக்கரைக் கோயிலை நாள்தோறும் காண்கிறோம். 18ஆம் நூற்றாண்டில் அது அரண் சூழ்ந்த கோட்டையாகவும் பயன்பட்டது என்பதை நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டோம். 1750இல் பிரெஞ்சுப் படை அதனைக் கைப்பற்றியது. அதனை மீட்க வந்த நவாப் முகம்மதலி வாலாஜாவின் சேனை இதே திருவதிகைக்கு அருகில் தோற்றுச் சிதறியது. பின்னர் ஆங்கிலேயர் துணையோடு அவர் ஆற்காட்டு நவாபாக நிலைபெற்றார். ஆனால் அந்தத் துணைக்குக் கொடுத்த விலை பெரிது. போர்ச் செலவுக்கும் அரண்மனைச் செலவுக்கும் கம்பெனியின் ஊழியர்களிடமே வட்டிக்குக் கடன் வாங்கினார். கடனுக்கு ஈடாக மாவட்டங்களின் வரி வருவாயையே எழுதிக் கொடுத்தார். கடன்காரர் சென்னையில் இருந்தார். வட்டியைச் செலுத்தியவனோ கெடிலக்கரையிலும் காவிரிக்கரையிலும் ஏர் பிடித்தவன். வட்டி ஒரு குடியை மட்டுமன்று, ஓர் அரசையே எவ்வாறு விழுங்கும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தமிழக வரலாற்றில் நமக்குத் தெரியவில்லை.

இந்தக் கடன் விவகாரத்தை 1785 பிப்ரவரி 28 அன்று இலண்டன் நாடாளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் விரிவாக அம்பலப்படுத்தினார். பால் பென்ஃபீல்டு போன்ற கடன்காரர்களின் பெயரைச் சொல்லியே அவர் பேசினார். அவர் பேச்சு நூலாக அச்சிடப்பட்டது. எனினும் கடன்காரர்களே வென்றனர். 1801இல் கர்நாடகப் பகுதி முழுவதும் கம்பெனியின் நேரடி ஆட்சிக்குள் வந்தபோது தென்னாற்காடும் அதனுள் அடங்கியது. கடலூர் அதன் தலைநகராயிற்று. வரி கேட்ட கை மாறியது. வரி கேட்ட முறை மாறவில்லை.

பர்க் சான்றோர் அவையில் பேசியவர். குடியானவனின் வாக்குமூலம் அவர் கையில் இல்லை. அதனைக் கொண்டு செல்லும் பணியை அறுபது ஆண்டுகளுக்குப் பின் ஒரு சென்னை வணிகர் தொடங்கினார். அவுரியும் துணியும் வணிகம் செய்து பொருள் ஈட்டிய காசுலு இலட்சுமிநரசு செட்டியார் 1844இல் ‘கிரசண்ட்’ என்ற ஆங்கில ஏட்டைத் தொடங்கினார். இளம்பிறை என்ற பொருள் கொண்ட அப்பெயரைக் கண்டு அது நம்மவர் ஏடு என்று எவரும் எண்ணிவிட வேண்டா. இந்து மக்களின் நலனைப் பேசுவதற்கென்றே எழுந்த ஏடு அது. 1852இல் அவர் சென்னை சுதேசிகள் சங்கத்தையும் நிறுவினார். தீர்வைக் கொடுமை, நீதிமன்றத் தாமதம், சாலையும் பாசனமும் கவனிப்பாரற்றுக் கிடத்தல் ஆகியவற்றைத் தொகுத்து அச்சங்கம் இலண்டனுக்கு மனு அனுப்பியது.

மனுக்கள் பல போயின. பல குப்பையில் விழுந்தன. இந்த மனுவுக்கு ஒரு நற்பேறு வாய்த்தது. டான்பி சீமூர் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் 1853 அக்டோபரில் தாமே சென்னைக்கு வந்தார். இலட்சுமிநரசு செட்டியார் அவரை விருந்து மண்டபங்களில் அமர்த்தி வைக்கவில்லை. கடலூர், திருச்சிராப்பள்ளி, சேலம், திருநெல்வேலி என மாவட்டங்களுக்கு அழைத்துச் சென்றார். வதைபட்டவர்களை அவர் நேரில் கண்டார். 1854 சூலையில் நாடாளுமன்ற விவாதத்தில் அதனைச் சொன்னபோது கம்பெனியின் தரப்பினர் மறுத்தனர். இந்தியாவில் பல்லாண்டுகள் பணியாற்றியவர்கள், தாங்கள் அப்படியொன்றைக் கேள்விப்பட்டதே இல்லை என்றனர். மறுப்பு வலுத்ததனாலேயே விசாரணை தவிர்க்க முடியாததாயிற்று.

எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்ற மூவரைக் கொண்ட குழு 1854 செப்டம்பரில் அமைக்கப்பட்டது. இவர்களுள் ஜான் புரூஸ் நார்ட்டன் வழக்கறிஞர். தென்னிந்திய நீதி நிர்வாகத்தின் சீர்கேடுகளைச் சாடி முந்திய ஆண்டே நூல் எழுதியவர். முறையீடு உள்ளவர்கள் வரலாம் என்று அறிவிப்பு வெளியாயிற்று. இரயில் இல்லாத காலம். மாகாணத்தின் தொலைதூர மாவட்டங்களிலிருந்தெல்லாம் மக்கள் நடந்தே சென்னைக்கு வந்தனர். நேரில் வந்தவர் 1,440 பேர். கடிதம் வழியாக வந்தவை 519. மொத்தம் 1,959 முறையீடுகள். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவன், தன்னை வதைத்தவனின் ஆட்சிக்கு உட்பட்ட ஊரிலிருந்து புறப்பட்டு, திரும்பவும் அதே ஊருக்குத்தான் போக வேண்டும் என்பதை அறிந்தே, அறிமுகமற்ற வெள்ளையர் மூவர் முன் நின்று பெயரையும் நாளையும் பாக்கித் தொகையையும் சொன்னான். ஏட்டின் ஆசிரியரைக் காட்டிலும், நாடாளுமன்ற உறுப்பினரைக் காட்டிலும் அவனது துணிவையே நாம் பெரிதாக மதிக்கிறோம்.

இந்நிகழ்வைப் படிக்கும்போது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள ஒரு செய்தி நம் நினைவுக்கு வராமல் இராது. ஹிஷாம் இப்னு ஹகீம் (ரலி) ஷாம் தேசத்தில் சென்றுகொண்டிருந்தபோது, அந்நாட்டுக் குடியானவர் சிலர் வெயிலில் நிறுத்தப்பட்டிருந்ததைக் கண்டார். அவர்கள் தலையில் எண்ணெய் ஊற்றப்பட்டிருந்தது. இது என்ன என்று அவர் வினவினார். வரிக்காக என்றனர். மனிதர்களை வதைப்போருக்கு அல்லாஹ்விடம் காத்திருக்கும் வேதனை குறித்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்ததை அவர் அங்கேயே அறிவித்தார். அத்துடன் நிற்கவில்லை. அப்போது பலஸ்தீனப் பகுதியின் ஆளுநராக இருந்த உமைர் இப்னு சஅத் (ரலி) அவர்களிடம் சென்று நேரில் கூறினார். அவர்கள் விடுவிக்கப்பட்டனர்.

வெயிலில் நின்றவர்கள் முஸ்லிம்கள் அல்லர். நிறுத்தியது முஸ்லிம் ஆட்சியின் அலுவலர்கள். ஹிஷாம் (ரலி) தம் சமூகத்தின் மானம் போகுமே என்று கண்ணை மூடிக்கொள்ளவில்லை. கண்டதைக் கடைத்தெருவில் கதையாகப் பேசித் திரியவும் இல்லை. கண்டார், காரணம் கேட்டறிந்தார், நிறுத்தும் அதிகாரம் உடையவரிடம் சொன்னார். சென்னையில் 1854இல் நடந்ததும் இம்மூன்றும்தாம். பன்னிரண்டு நூற்றாண்டு இடைவெளியில், நிலவரிக்காக மனிதனை வெயிலில் நிறுத்தும் கொடுமைகூட ஒன்றாகவே இருக்கிறது.

அறிக்கை முழு உண்மையையும் சொல்லிவிட்டதா என்றால், இல்லை. வதை பரவலாக நடந்தது என்று ஒப்புக்கொண்ட குழு, பழி முழுவதையும் சுதேசிக் கீழலுவலர்கள் மீது சுமத்தியது. ஐரோப்பிய அதிகாரிகளுக்கு இதில் பங்கில்லை என்றது. ஆனால் எவ்வளவு வசூலாக வேண்டும் என்று மேலிருந்து குறித்தவர் யார்? கார்ல் மார்க்சு 1857 செப்டம்பரில் ‘நியூயார்க் டெய்லி டிரிபியூன்’ நாளேட்டில் இவ்வறிக்கையைப் பிரித்துப் படித்து, அதனுள் இருக்கும் சான்றுகளே அம்முடிவுக்கு எதிராகப் பேசுகின்றன என்று எழுதினார். இன்றைய விசாரணைக் குழுக்களின் அறிக்கைகளைப் படிப்போருக்கு இந்த முறை பழக்கமானதாகவே தோன்றும்.

இருந்தும் பயன் விளைந்தது. வரி வசூலிப்பவனே காவலனாகவும் இருந்த நிலை 1859ஆம் ஆண்டின் சென்னைக் காவல்துறைச் சட்டத்தால் முடிவுக்கு வந்தது. காவலரிடம் அளிக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றவாளிக்கு எதிராகச் சான்றாக்கக் கூடாது என்ற விதி 1861இன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஏறி, 1872இன் சாட்சியச் சட்டத்தில் 25ஆம் பிரிவாக நிலைபெற்றது. 2024 சூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்திலும் அது 23ஆம் பிரிவாகத் தொடர்கிறது. இன்று நம் வீட்டுப் பிள்ளை ஒருவனைக் காவல் நிலையத்துக்கு அழைத்துச் சென்று வெற்றுத்தாளில் கையொப்பம் வாங்கினாலும் அது நீதிமன்றத்தில் செல்லாது.

சட்டம் இருந்தும் வதை ஒழிந்துவிடவில்லை. 1993இல் இதே மாவட்டத்தின் கம்மாபுரம் காவல் நிலையத்தில், முதனை கிராமத்து ஏழைத் தொழிலாளி ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். அவர் தப்பியோடிவிட்டார் என்று காவலர்கள் கூறினர். அவருடைய மனைவி விடாது உயர்நீதிமன்றம் வரை சென்றார். வழக்கறிஞர் சந்துரு வாதாடினார். 2006 வரை அவ்வழக்கு நீண்டது. 2021இல் வந்த ‘ஜெய் பீம்’ திரைப்படம் அதனை உலகறியச் செய்தது. அண்ணந்தாள் போட்ட கச்சேரிக்கும் அந்தக் காவல் நிலையத்துக்கும் இடையே நூற்று நாற்பது ஆண்டுகளே தொலைவு.

இத்தகைய எழுத்துக்கு மேலை நாட்டில் வழங்கும் பெயர் பின்னர் வந்தது. 1906 ஏப்ரலில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தியோடர் ரூசுவெல்ட், எப்போதும் கீழ்நோக்கியே பார்த்துக் குப்பையைக் கிளறிக்கொண்டிருப்பவன் என்று இவ்வகை எழுத்தாளர்களைக் குறித்தார். பனியனின் பழைய ஆன்மிகக் கதை ஒன்றிலிருந்து எடுத்த உருவகம் அது. ஐடா டார்பெல் ஸ்டாண்டர்டு எண்ணெய் நிறுவனத்தின் சூழ்ச்சிகளை ஆவணங்களைக் கொண்டே எழுதியிருந்தார். அப்டன் சிங்கிளர் சிகாகோ இறைச்சிக் கூடங்களின் நிலையை நாவலாக்கினார். அதே 1906இல் இறைச்சிச் சோதனைச் சட்டம் வந்தது. வசையாகச் சொன்ன பெயரை எழுதியோரே விருதாக ஏற்றுக்கொண்டனர்.

தமிழில் இப்பணி மேற்கொண்ட ஏடுகளுள் ஒன்று இந்திய நாட்டுச் சட்டத்தையே ஒரு படி முன்னகர்த்தியது. தூக்குத்தண்டனைக் கைதி ஆட்டோ சங்கர் செங்கற்பட்டுச் சிறையில் எழுதிய தன்வரலாற்றை ‘நக்கீரன்’ வெளியிட முற்பட்டது. அதில் உயர் அதிகாரிகள் சிலருடைய தொடர்பு பேசப்பட்டது. வெளியிட்டால் நடவடிக்கை எடுக்கப்படும் என்று 1994 சூனில் சிறைத்துறைத் தலைவர் மடல் எழுதினார். உச்சநீதிமன்றம் அக்டோபர் 7 அன்று தீர்ப்பளித்தது. தங்களைப் பற்றி அவதூறு வரக்கூடும் என்று அஞ்சி அதிகாரிகள் ஒரு வெளியீட்டை முன்கூட்டியே தடுக்க முடியாது. பொது ஆவணத்தில் உள்ளதை எழுத ஏட்டுக்கு உரிமை உண்டு. அதற்கு அப்பால் ஒருவருடைய தனிவாழ்வை அவர் இசைவின்றி எழுதலாகாது. பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்ணின் பெயரைப் பொது ஆவணத்தில் இருந்தாலும் வெளியிடலாகாது. அதிகாரத்தின் செயலைத் திறந்து காட்டு, தனிமனிதனின் குறையை மூடி வை என்ற இந்த வரம்பு நம் மார்க்க அறிஞர்கள் வகுத்ததற்கு அயலானதன்று.

ஏட்டாளர் எவரும் வராத இடத்தில் மக்களே செய்தியாளர் ஆனதையும் நம் மாவட்டம் கண்டது. கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் நெடுஞ்சாலையில் பேருந்து சிப்காட் தொழிற்பேட்டையைக் கடக்கும்போது முந்தானையால் மூக்கை மூடிக்கொண்ட அனுபவம் நம் பெண்களுக்கு உண்டு. ஈச்சங்காடு, குடிகாடு, சங்கொலிக்குப்பம் போன்ற ஊர்களில் வாழ்வோர் மூடிக்கொண்டு எங்கே போவது? நாற்றம் என்று முறையிட்டால் சான்று எங்கே என்றனர். எனவே அவ்வூரார் சிலர் சூழல் கண்காணிப்புக் குழுவாகச் சேர்ந்தனர். எந்த நாள், எந்த நேரம், காற்று எத்திசை, என்ன வாடை என்று குறிப்பேட்டில் எழுதினர். மூடியிட்ட வாளிக்குள் பிளாஸ்டிக் பை ஒன்றைப் பொருத்திக் காற்றைப் பிடித்து அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பினர். 2004இல் அவர்கள் வெளியிட்ட அறிக்கை 22 வேதிப்பொருள்களைப் பட்டியலிட்டது. அவற்றுள் 8 புற்றுநோய் விளைவிப்பவை. அதன் பின்னரே, காற்றில் எதை அளக்க வேண்டும், எந்த அளவுக்கு மேல் கூடாது என்ற பேச்சு அரசு அலுவலகங்களில் எழுந்தது. நாற்றம் அடியோடு அகன்றுவிடவில்லை. ஆனால் சான்று எங்கே என்று கேட்டவர்களுக்கு விடை சொல்லியாயிற்று.

இவ்வளவும் கூறிய பின், நம் குடும்பங்களில் ‘பத்திரிகைக்காரன்’ என்ற சொல்லைக் கேட்டதும் எழும் வெறுப்பையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. அது காரணமின்றி வந்ததன்று. 2020 மார்ச்சில் தில்லி நிஜாமுத்தீன் மர்கஸுக்குச் சென்று வந்தவர்களை முன்வைத்து, நோயையே ஒரு சமூகத்தின் சூழ்ச்சியாகக் காட்டிய தொலைக்காட்சிகளை நாம் பார்த்தோம். ‘அம்பலம்’, ‘அதிர்ச்சித் தகவல்’ என்ற தலைப்புகளோடுதான் அவை வந்தன. அவ்வாண்டு ஆகஸ்டு 21 அன்று பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு வெளிநாட்டு ஜமாஅத்தினர் மீதான வழக்குகளை நீக்கி, ஊடகங்களின் பரப்புரையையும் கண்டித்தது. தொலைக்காட்சிகள் பழியைச் சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்தில் நூறில் ஒரு பங்கைக்கூட அத்தீர்ப்பைச் சொல்ல எடுத்துக்கொள்ளவில்லை.

நாமும் அதே தவற்றுக்கு அப்பாற்பட்டவர்கள் அல்லோம். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த 65 வயது மூதாட்டியைப் பிள்ளை பிடிப்பவர் என்று கருதி ஊரார் அடித்துக் கொன்றனர். வாட்ஸ்அப்பில் பல நாள்களாகச் சுற்றிக்கொண்டிருந்த எச்சரிக்கைச் செய்தியை நல்லெண்ணத்தோடு அனுப்பியவர்கள் எல்லா மதத்திலும் இருந்தனர். நம்பத்தகாதவர் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்குமாறு சூரத்துல் ஹுஜுராத் பணிக்கிறது. அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின் வருந்த நேரும் என்பதையும் அங்கேயே காரணமாகச் சொல்கிறது. அதே அத்தியாயம் துருவித் துருவி ஆராய்வதையும் புறம் பேசுவதையும் தடுக்கிறது. அப்படியெனில் மறைவாக இருப்பதை வெளிப்படுத்துவோர் செய்வது புறம் ஆகாதா என்று நம் பிள்ளைகள் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். புறம் பேசுதல் ஆகுமாகும் இடங்கள் ஆறு என்று இமாம் நவவீ (ரஹ்) ரியாளுஸ் ஸாலிஹீனில் வகுத்துள்ளார். அவற்றுள் முதலாவது, அநீதி இழைக்கப்பட்டவன் நீதி வழங்க வல்லவரிடம் முறையிடுவது. சென்னைக்கு நடந்த அந்த 1,440 பேரின் இடம் அதுவே. அண்டை வீட்டாரின் மணமுறிவை ஆராய்ந்து குடும்பக் குழுவில் பகிர்வதற்கு அவ்வாறில் ஓர் இடமும் இல்லை.

கடினமான சோதனை நமக்கு வெளியே இல்லை. உங்களுக்கே எதிராக இருப்பினும் நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள் என்ற இறைக்கட்டளை (சூரத்துன் னிஸா, 135) நம் மஹல்லாவின் வாசலில் நின்று கேட்கிறது. சச்சார் குழு 2006இல் அளித்த அறிக்கையின்படி, இந்தியாவில் பதிவான வக்ஃபு சொத்துகள் 4.9 இலட்சம், பரப்பு ஏறத்தாழ 6 இலட்சம் ஏக்கர், சந்தை மதிப்பு 1.2 இலட்சம் கோடி ரூபாய். ஆண்டு வருவாயோ 163 கோடி ரூபாய் மட்டுமே. முறையாக நிர்வகித்தால் 12,000 கோடி வரலாம் என்று அக்குழு கணக்கிட்டது. இடைவெளி எங்கே போயிற்று? வெளியார் ஆக்கிரமிப்பு உண்டு. அரசு நிறுவனங்களின் ஆக்கிரமிப்பையும் அக்குழு சுட்டியது. கடைத்தெருவில் உள்ள வக்ஃபுக் கடையை எங்கோ ஒரு காலத்தில் குறித்த அற்ப வாடகைக்கு இன்றும் வைத்திருப்பவர் சில ஊர்களில் ஜமாஅத்தின் முன்வரிசையிலேயே அமர்ந்திருக்கிறார் என்பதும் உண்டு. இதனை எவரேனும் எழுதினால் சமுதாயத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டார் என்கிறோம்; கேட்டால் குழப்பவாதி என்கிறோம். விதவையின் உதவித்தொகையும் யத்தீமின் பள்ளிக் கட்டணமும் அந்த வாடகையில்தான் இருக்கின்றன.

இதைக் கேட்பதற்குச் சென்னைக்கு நடந்து போக வேண்டியதில்லை. வக்ஃபு வாரியத்தில் சொத்துப் பதிவேடு இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வாரியத்துக்கும் பொருந்தும். எந்தச் சொத்து, சர்வே எண் என்ன, குத்தகை யார் பெயரில், எத்தனை ஆண்டுக்கு, எவ்வளவு தொகைக்கு, கடைசியாக எப்போது செலுத்தப்பட்டது என்று ஒரு தாளில் எழுதி, பத்து ரூபாய்க் கட்டணத்தோடு அனுப்பினால் முப்பது நாள்களுக்குள் விடை தர வேண்டும். விடையைப் பெற்றவர் முதலில் அதனைக் கொண்டுசெல்ல வேண்டிய இடம் முகநூல் அன்று, ஜமாஅத்தின் பொதுக்குழு. அங்கே கதவு அடைக்கப்பட்டால் வாரியம், அதன் பின் தீர்ப்பாயம், அதன் பின்னும் செவி சாய்ப்பாரில்லை எனில் ஏடு.